அகுரேரியில் இறங்கியிருப்பேன்

நேற்று ஆய்வுகூடத்தில் அந்த நாற்றம் மறுபடி வந்தது. நான்காம் படிவத்துப் பிள்ளைகள் இரும்புச் சல்பைட்டின் மேல் அமிலம் ஊற்றிப் பார்க்கும் பாடம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் செய்யச் சொன்னதை ஒருத்தி மேசையில் வைத்தே செய்துவிட்டாள். அழுகிய முட்டை நாற்றம் வகுப்பு முழுக்கப் பரவியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சன்னலைத் திறக்கப் போன நான் திறக்காமல் அப்படியே நின்றேன்.

ஐஸ்லாந்தில், ரேக்யவீக் நகரத்து ஹோட்டல் ஒன்றின் குளியலறையில் இதே நாற்றம் அடித்தது. நிலத்துக்கடியில் கொதிக்கிற தண்ணீரை அங்கே நேரே குழாயில் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் என் அப்பாவின் சாவுக்காக நான் தலை முழுகினேன். அப்போது அப்பா யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். முழுகச் சொன்னவர் நீர்.

நீர் இறந்து மூன்று கிழமை ஆகிறது. செத்தவீட்டில் எல்லோரும் உம்மைப் பற்றி நல்லதுதான் பேசினார்கள். பள்ளிக்கூட அதிபர் உம்முடைய எரிமலைப் பாடத்தைப் பற்றிச் சொன்னார். சிட்னியிலிருந்து வந்த உம்முடைய தம்பி, அக்கா ஓர் எறும்புக்கும் தீங்கு நினையாதவள் என்று சொல்லி அழுதார். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். எனக்குச் சொல்ல இருந்தது அந்த மண்டபத்தில் சொல்லக்கூடியதல்ல. இங்கே சொல்கிறேன்.

தொடங்கும்போது உம்மை ‘நீ’ என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். நாலு வருடக் கோபத்துக்கு அந்த ஒரு சொல்லாவது வேண்டாமா? இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன், கை வரவில்லை. மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். பழகிய வாய் விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

மெல்பேர்ணில் இந்த நோபல் பார்க் பள்ளிக்கூடத்துக்கு ஒரே தவணையில் வந்தவர்கள் நாங்கள் இருவரும். உமக்குப் புவியியல், எனக்கு இரசாயனம். ஆசிரியர் அறையில் எங்களுக்கு ‘சிலோன் பெட்டைகள்’ என்று பெயர். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு கலியாணமாகாத பெண்களுக்கு அது பெரிய புகழ்ச்சிதான் என்று நீர் சொல்லிச் சிரிப்பீர். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை எடுத்துச் சேர்ந்து இருந்தோம். கரும்பலகையில் நீர் எரிமலை வரைந்தால் சிவப்புச் சோக்கட்டி ஒன்று முழுசாக முடிந்துவிடும். எரிமலை இருக்கட்டும், ஒழுங்கான குன்றே இல்லாத ஊரில் பிறந்தவர் நீர்.

ஒருநாள் அந்தக் கப்பலின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து குசினி மேசையில் விரித்தீர். வடக்கே, உலகத்தின் உச்சந்தலைக்குக் கிட்ட, எரிமலைகள் கக்கிக் கக்கி உண்டான ஒரு தீவு. அதைச் சின்னக் கப்பலில் முழுதாகச் சுற்றி வருவது. துறைமுகம் இல்லாத இடங்களில் றப்பர் படகில் இறக்கி ஏற்றுவார்களாம்.

“உமக்கு விசரே?” என்றேன்.

“ஓம், விசர்தான். பேரிலை மட்டும் மலை உள்ள கீரிமலையை மலையெண்டு நம்பி வளர்ந்தவளுக்கு உண்மையான மலையைப் பார்க்க ஒருக்கா விசர் பிடிச்சால் என்ன? தனிய அனுப்பப் போறீரோ, நீரும் வாறீரோ?”

அதற்குக் காசு சேர்க்க மூன்று வருடம் நாங்கள் வேறெங்கும் போகவில்லை. ஓகஸ்ட் விடுமுறையோடு சம்பளமில்லாத லீவும் சேர்த்துக் கேட்டபோது, அதிபர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். மெல்பேர்ண் குளிரிலேயே வெந்நீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கிறவர்கள் ஐஸ்லாந்துக்குப் போகிறார்களாம் என்று ஆசிரியர் அறையில் ஒரே பகிடி.

அப்பாவைப் பற்றி உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் முப்பது வருடம் தபாலதிபராக இருந்தவர். நான் அவர் பேசி முடித்த கலியாணத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. ஊர்க் கடிதமெல்லாம் அவர் கையால் போனது, மகளுக்கு மட்டும் ஒரு வரி எழுதமாட்டார். நான் எழுதுவதை உறை பிரிக்காமல் என் தம்பியிடம் கொடுத்துவிடுவாராம். நாலு வருடம். ஒவ்வொரு கிழமையும் தபால்பெட்டியைத் திறந்துவிட்டு நான் வரும் முகத்தைப் பார்த்து நீர்தான் சொல்வீர்: “எழுதுவார் பாரும். வீம்பு எவ்வளவு நாளைக்கு?” போக முன்னம் கப்பலின் பெயரையும் ரேடியோ விலாசத்தையும் தம்பிக்கு அனுப்பிவைக்கச் சொன்னதும் நீர்தான்.

அந்தத் தீவைப் பற்றி நல்லதாக ஒன்றும் எழுத எனக்கு மனமில்லை. மனிதரை அது எந்த நாளிலும் கூப்பிட்டதில்லை. கறுப்புக் கல், கறுப்பு மணல், அதன்மேல் கம்பளிப் பூச்சி நிறத்தில் பாசி. காற்று நிமிர்ந்து நிற்க விடாது. நீர் எனக்கும் சேர்த்து இரண்டு தடித்த களிசான் தைத்து வைத்திருந்தீர். நான் பிடிவாதமாகச் சேலையை வரிந்து கட்டி, அதன்மேல் கப்பல்காரர் தந்த சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு முதல்நாள் றப்பர் படகில் இறங்கினேன். இடுப்புவரை நனைந்து வந்தேன். நீர் சிரித்த சிரிப்பில் ஓர் அமெரிக்கக் கிழவர் எங்களைப் படம் பிடித்தார். மறுநாள் வாயை மூடிக்கொண்டு களிசானைப் போட்டேன். அந்தப் பறவைகள், கோமாளி மூக்கோடு இருக்கிறவை, அவற்றைப் பார்க்கவென்று நீர் தவம் கிடந்தீர். அவை போன கிழமையே கடலுக்குப் போய்விட்டன என்று வழிகாட்டி சொன்னபோது உம்முடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் வடமேற்கு மூலையில் கடல் எழும்பியது. ஆயிரமடிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறைகளைப் பார்க்க எல்லோரும் மேல்தட்டுக்குப் போனார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளியோடு படுத்திருந்தேன். நீர் மட்டும் போகவில்லை, எனக்கு ஈரத்துணி பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டு இருந்தீர். அந்தப் பாறைகளைப் பார்க்கத்தான் நீர் வந்தது என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கதவைத் தட்டினார்கள். நீர் போய்க் கதவை அரைவாசி திறந்து, ஏதோ வாங்கி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றீர்.

“ஆர்?” என்றேன்.

“ரேடியோக்காரன். நாளைக்கும் கடல் இப்பிடித்தானாம். நீர் கண்ணை மூடும்.”

ரேடியோக்காரன் சொன்னது அதுவல்ல. அவன் கொண்டுவந்தது என் பெயருக்கு வந்த தந்தி. ‘அப்பா ஆஸ்பத்திரியில். கடுமை. உன்னைக் கேட்கிறார். உடனே வரவும்.’ என் தம்பி அடித்தது. அதை நாலாக மடித்து உம்முடைய மழைக்கோட்டுப் பைக்குள் வைத்தீர். பிறகு வந்து எனக்குத் துணியை மாற்றிப் போட்டீர்.

ஐந்தாம் நாள் அகுரேரி. தீவின் வடக்கே பெரிய ஊர் அதுதான். கடல் ஒரு நீண்ட விரலாக உள்ளே போய் முடிகிற இடம், காற்றே இல்லை. வீட்டுக்கு வீடு பூக்கன்றுகள். நாங்கள் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அப்போது தண்ணீரோரத்து ஓடுபாதையிலிருந்து ஒரு சின்ன விமானம் எழும்பித் தெற்கே போனது. அது மலைக்குப் பின்னால் மறையும்வரைக்கும் நீர் பார்த்துக்கொண்டிருந்தீர். உம்முடைய ஐஸ்கிறீம் உருகி மணிக்கட்டுக்கு ஓடியது.

“என்ன பார்க்கிறீர்?”

“ஒண்டுமில்லை. உவ்வளவு சின்னப் பிளேனிலையும் ஆக்கள் போயினம்.”

அது ரேக்யவீக்குக்குப் போகிற விமானம். அங்கிருந்து லண்டன், லண்டனிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ரயில். நாலு நாளில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். தந்தியை என் கையில் தந்திருந்தால் அந்த வாங்கிலிருந்தே எழும்பி ஓடியிருப்பேன். அகுரேரியில் இறங்கியிருப்பேன். நீர் கையைத் துடைத்துக்கொண்டு, “வாரும், கப்பலுக்கு நேரமாச்சு” என்றீர்.

அடுத்தநாள் கிறிம்சே என்ற பொட்டுத் தீவில் வடதுருவ வட்டத்தைத் தாண்டினோம். ஒரு கம்பத்துக்கு அந்தப் பக்கம் துருவ உலகம், இந்தப் பக்கம் எங்களுடைய உலகம் என்றார்கள். மற்றவர்களெல்லாம் குதித்துக் குதித்துப் படம் எடுத்தார்கள். வாழ்க்கை முழுக்க வரைபடத்தில் புள்ளிக்கோடாகக் காட்டிய வட்டத்துக்கு வந்துவிட்டு, நீர் ஒரு கல்லில் போய்க் குந்திவிட்டீர். பக்கத்தில் வந்து நின்ற என்னிடம் உம்முடைய அம்மாவின் கதையைச் சொன்னீர்.

நீர் கொழும்பில் படித்துக்கொண்டிருந்த காலம். ‘அம்மாவுக்குக் கடுமை, வரவும்’ என்று தந்தி. மெயில் ரயிலில் ஒரு மூலையில், மடியில் தோடம்பழப் பையை வைத்துக்கொண்டு போனீராம். அம்மாவுக்குக் காய்ச்சலென்றால் தோடம்பழம்தான் வேண்டுமாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்ப்பீராம், நசியவில்லையே என்று. உங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தந்தி அடிக்கும்போதே அம்மா போய் அரைநாளாம்.

“அந்தப் பழப் பையோட நான் நிண்ட நிலை ஒருத்தருக்கும் வரப்படாது. எங்கட சனம் உண்மையைச் சொல்லாது. நம்ப வைச்சுக் கூட்டிக்கொண்டு போய்த்தான் போட்டு உடைக்கும்” என்றீர்.

ஏன் இப்போது இந்தக் கதை என்று எனக்கு விளங்கவில்லை. உம்முடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஆறுதலுக்காக. உமக்கு நான் ஆறுதல்!

பிறகும் ஐந்து நாள். கிழக்குக் கரை, தெற்குக் கரை, பனிமலை கடலுக்குள் நாக்கை நீட்டுகிற இடம், கடைசியாக வெஸ்ட்மன் தீவு. கொஞ்சக் காலத்துக்கு முன்தான் அங்கே நிலம் வெடித்து ஊரின் ஒரு பாதி சாம்பலுக்குள் போயிருந்தது. கூரை முகடுகள் மட்டும் வெளியே தெரிந்தன. மண்ணுக்குள் கையை விட்டால் இன்னும் சூடு. நீர் அந்தச் சாம்பலை ஒரு பிடி அள்ளி வைத்துக்கொண்டு அழுதீர். எரிமலையைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்து நான் கைலேஞ்சியை நீட்டினேன்.

பதினோராம் நாள் காலை ரேக்யவீக்கில் இறங்கினோம். ஹோட்டலில் பாணும் முட்டையும் மீனும் வைத்திருந்தார்கள். எனக்குப் பசியில்லை என்றேன்.

“இல்லை, வடிவாச் சாப்பிடும்” என்று பக்கத்தில் இருந்து, பாணில் வெண்ணெய் பூசி என் தட்டில் வைத்தீர். சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் விளங்காமல் இரண்டு துண்டும் தின்றேன். பிறகு அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், கதிரையில் இருத்தி, மடித்த கடதாசியைத் தந்தீர்.

“அப்பா போயிட்டார்” என்றீர்.

கடதாசியை வாசித்தேன். “கடுமை எண்டுதானே கிடக்கு?”

“எங்கட ஆக்கள் உயிரோட இருக்கிற ஆளுக்குத் தந்தி அடிப்பினமே? அதுவும் கப்பலுக்கு? எட்டு நாளாச்சு. எல்லாம் முடிஞ்சிருக்கும். நடுக்கடலிலை உமக்குச் சொல்லி நான் என்ன செய்யிறது? போய் முழுகும். நானும் முழுகிறன்.”

நான் நம்பினேன். உம்மை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நானும் அதே ஊர், அதே வழக்கம். தந்தியில் கடுமை என்றால் பாடை கட்டியாயிற்று என்று எனக்கும் சின்ன வயதிலிருந்து தெரியும். ‘உன்னைக் கேட்கிறார்’ என்ற சொல்லைப் பார்த்தேன். பிள்ளையை இழுக்க எல்லோரும் போடுகிற சொல் என்று நானும் நினைத்தேன். போய் அந்த நாற்றத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அலறி அழுதேன். ஈரத் தலையோடு கீழே போய்த் தம்பிக்குத் தந்தி கொடுத்தேன். ‘அப்பாவின் ஆத்மா சாந்தியடையட்டும். அந்தியேட்டிக்கு வருகிறேன்.’ முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, இனி என்ன அவசரம்? நீர் சிட்னி வழியாக மெல்பேர்ணுக்குத் திரும்பினீர். நான் லண்டனில் நாலு நாள் நல்ல விமானத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாண ஸ்டேஷனில் தம்பி நின்றான். தலை மொட்டை, புதுசாக வழித்தது. கத்தி பட்ட காயம்கூட ஆறவில்லை.

“நேற்றுத்தான் எடுத்தனாங்கள், அக்கா” என்றான்.

“என்ன நேற்று?”

போர்ட்டர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் தம்பி எல்லாவற்றையும் சொன்னான். நெஞ்சுவலி வந்து படுத்த அன்றைக்கே அப்பா என்னைக் கேட்டாராம். நாலு வருடம் என் பெயரை எடுக்காதவர். தந்தியின் வாசகத்தை அவரேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தம்பி ‘கடுமை, வரவும்’ என்று எழுதிக் காட்டியதற்கு, முப்பது வருடம் ஊருக்கெல்லாம் அந்தத் தந்தியைக் கொடுத்தனுப்பிய மனுஷன் சொன்னாராம்: “உப்பிடி அடிச்சால் நான் செத்திட்டன் எண்டு நினைப்பாள். உன்னைக் கேக்கிறார் எண்டும் போடு. செத்தவன் கேக்கமாட்டான்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மறுமொழி வந்ததா என்று கேட்பாராம். ஒன்பதாம் நாள் கொஞ்சம் தெளிவு, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கேதான் என் தந்தி போனது. தந்திச் சேவகன் வாசல் படலையில் நிற்பதைக் கண்டு, “இஞ்சை கொண்டா, என்ரை வீட்டுத் தந்தியை நான்தான் வாசிக்கிறது” என்று வாங்கியிருக்கிறார். கண்ணாடிகூடப் போடவில்லையாம். வாசித்துவிட்டுச் சிரித்தாராம்.

“அந்தியேட்டிக்கு வாறாளாம். அப்ப நான் வெளிக்கிடத்தானே வேணும்.”

தம்பி ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். லண்டனில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் மெல்பேர்ண் விலாசத்துக்குத் தந்தி அடித்திருக்கிறான். அப்பா மூன்று நாள் கிடந்தார், பிறகு போனார். ஆஸ்பத்திரித் தந்தி கப்பலுக்கு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள்.

“அதுக்குப் பிறகு அப்பா உங்களைக் கேக்கேல்லை, அக்கா” என்றான். மறைக்கத் தெரியாத பிள்ளை அவன். ஒருமுறையாவது மறைத்திருக்கலாம்.

மெல்பேர்ணுக்குத் திரும்பிய அன்று குசினியில் நீர் சோறு வடித்துக்கொண்டு நின்றீர். தம்பியின் தந்தி மேசையில் இருந்தது, உமக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலில் விழுவீர் என்று நினைத்தேன். நீர் விழவில்லை.

“நான் உமக்கு நல்லதுதான் நினைச்சன்” என்றீர்.

“பொய். கப்பலை விட்டு இறங்க மனமில்லாமல்தானே ஒளிச்சீர்? நான் இறங்கியிருந்தால் நீரும் என்னோடை இறங்க வேண்டி வந்திருக்கும். உமக்கு உம்மடை எரிமலை போயிருக்கும்.”

நீர் கஞ்சியை வடித்து முடித்து, சட்டியை நிமிர்த்தி வைத்தீர். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

“அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும்” என்றீர். “எனக்கே வடிவாத் தெரியேல்லை.”

அந்தக் கிழமையே நான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் மட்டும் ஒன்று, ஆசிரியர் அறை ஒன்று. நாலு வருடம் நேரசூசியைத் தவிர வேறொன்றும் உம்மோடு பேசியதில்லை. ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு என் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, சீனி அளவாகப் போட்டு, என் மேசையில் வைப்பீர். ஒவ்வொரு நாளும் நான் அதை எடுத்துக்கொண்டுபோய் உம்முடைய கண்ணுக்கு முன்னால் தொட்டியில் ஊற்றுவேன். மற்ற ஆசிரியர்கள் முதலில் பேசினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். உமக்குத் தலைமயிர் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்த மாதங்களிலும் தேத்தண்ணி வந்தது. அதையும் ஊற்றினேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு.

பள்ளிக்கூடத்துக்கு வருவதை நீர் நிறுத்தினீர். ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, கந்தோரிலிருந்து எழுத்தர் அம்மா வகுப்புக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டைத் தந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம், அவள் நீலப் பேனையால் குறித்து வைத்திருந்தாள். உங்கள் தோழிக்குக் கடுமை. உங்களைக் கேட்கிறார். இன்றைக்கே வரவும்.

வாசித்தேன். நாலாக மடித்து என் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “போகவில்லையா? உங்கள் வகுப்பை யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்றாள். பிறகு பார்க்கலாம் என்றேன்.

நீர் செத்திருப்பீர் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சாட்டு எனக்கு இல்லை. கேட்கிறவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்பதைக் கட்டிலில் கிடந்தபடி எனக்குச் சொல்லிவிட்டுப் போனவர் என் அப்பா. ஆஸ்பத்திரி அரை மணி நேர ஓட்டம். கப்பல் இல்லை, கடல் இல்லை, குறுக்கே ஒரு தீவுமில்லை. நான் மத்தியானம் வடிவாகச் சாப்பிட்டேன். ஐந்தாம் படிவத்து விடைத்தாள்களை ஒன்றும் விடாமல் திருத்தினேன். கேட்டுக்கொண்டு கிடவும், கேட்டுக் கேட்டு மறுமொழி வராமல் இருப்பது எப்படியென்று பாரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபிறகு வந்தேன். கடைசிவரை வராமல் விடவும் முடியவில்லை, அதற்கும் துணிவில்லை. வழியில் பழக்கடையைக் கண்டதும் கால் நின்றது. என்ன நினைத்தேனோ, தோடம்பழம் வாங்கினேன். வார்டில் உம்முடைய கட்டிலை உரித்து வைத்திருந்தார்கள். காலையில்தானாம். தாதிப்பெண் என்னை இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தாள்.

“நேற்றுப் பின்னேரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். தேத்தண்ணிக்கு ஒருவர் வருவார், இரண்டு கோப்பை வையுங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்களும் வைத்திருந்தோம்” என்றாள்.

மடியில் பழப் பையை வைத்துக்கொண்டு அங்கே இருந்தேன். கிறிம்சேக் கல்லில் குந்தியிருந்து நீர் சொன்ன நிலை அதுதான். ஒருத்தருக்கும் வரக்கூடாது என்றீர், எனக்கு வந்தது. அதை எனக்கு நானே செய்துகொண்டேன்.

நான் உம்மை மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தை முடிக்கும்போதாவது மனம் இளகும் என்று பார்த்தேன், இளகவில்லை. என் அப்பாவின் பன்னிரண்டு நாளை எனக்குத் திருப்பித் தர உம்மால் முடியாது. ஆனால் நீர் செய்ததில் பாதி வழக்கம், மிச்சத்தில் பாதி இரக்கம், கொஞ்சம் ஆசை. நான் செய்ததில் அப்படிப் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. முழுவதும் ஒன்றே.

நேற்று சன்னலடியில் நின்றபோது கைக்குட்டைக்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். சீட்டு அங்கேதான் கிடக்கிறது, மடிப்புக் கலையாமல். உங்களைக் கேட்கிறார், இன்றைக்கே வரவும். செத்தவன் கேட்கமாட்டான் என்று அப்பா சொன்னார். ஆயுளில் ஒரு தந்தியையும் பிழையாகக் கொடுக்காத மனுஷன், இதை மட்டும் பிழையாகச் சொல்லிவிட்டார்.